மறந்துபோகிறவரின் சம்மதம்

நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் மேற்பகுதியில், வாஷிங்டன் ஹைட்ஸ் என்றொரு வட்டாரம் உண்டு. கரிபியக் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த மக்கள் அங்கே நிறைந்து வாழ்கிறார்கள். அவர்களுள் ஒரு மூதாட்டியை நாம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கணவரையும் இரு பிள்ளைகளையும் அடக்கம் செய்தவர். அவர் எதிரே ஓர் இளம் ஆய்வாளர் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து, "அம்மா, இப்போது என்ன பருவம்?" என்று கேட்கிறார். மூதாட்டி விழிக்கிறார். அவர் பிறந்த தீவில் வசந்தமும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. மழை உண்டு, வெயில் உண்டு, சூறாவளிக்கு அஞ்சும் மாதங்கள் உண்டு. விடை வராததால் ஆய்வாளர் தம் தாளில் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறார்.

இக்கேள்வி 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் வகுக்கப்பட்டு, பின்னர் உலகமெங்கும் பரவிய ஒரு மனநிலைத் தேர்வில் இடம்பெறுவது. மொத்தம் 30 மதிப்பெண்கள். 'உலகம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுமாறு அதில் கேட்பார்கள். ஸ்பானிய மொழியில் 'முந்தோ' என்ற சொல்லைத் தலைகீழாக்கச் சொல்வார்கள். வாழ்நாளில் ஒரு கடிதம்கூட எழுதாத ஒருவர் எழுத்துகளை எப்படித் தலைகீழாக அடுக்குவார்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். சந்தையில் காய் விற்று ஒரு காசும் தவறாமல் மீதி கொடுத்தவர், தாளில் வரும் கணக்கின் முன் திகைத்துப்போவார். ஒரு வாக்கியம் எழுது, ஒரு படத்தைப் பார்த்து வரை என்பார்கள். இவை அனைத்திலும் அவர் இழக்கும் மதிப்பெண்கள் நினைவை இழந்ததன் அடையாளமா, பள்ளியை இழந்ததன் அடையாளமா? நோயில்லாதவரை நோயாளி என்றோ, நன்கு கற்ற ஒருவரின் தொடக்க நிலை நோயை நோயில்லை என்றோ கூறிவிடும் ஆபத்து அத்தாளிலேயே இருக்கிறது.

ஒரு மனிதரைக் காணச் செல்லும் அறிவியல் தன்னையே கண்டு திரும்பும் இந்த நிலையிலிருந்து நம் சிந்தனையைத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவில் ஹிஸ்பானியர் எனப்படுவோர் இன்று 6 கோடிக்கு மேற்பட்டோர். மெக்சிக்கோ, பியூர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா எனப் பல வேர்கள் கொண்ட மக்களை ஒரே பெயரால் அழைப்பதே ஓர் எளிமைப்படுத்தல்தான். அவர்களுள் வயது வந்தோரில் 2010ஆம் ஆண்டில் நூற்றுக்கு 67 பேர் தம்மைக் கத்தோலிக்கர் என்றனர். 2022இல் அது 43ஆகக் குறைந்துவிட்டது. எனினும் முதியோரிடையே பழைய பற்று இன்னும் வலுவாகவே இருக்கிறது. இம்முதியோருக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று அமெரிக்காவின் அல்ஸ்ஹைமர் சங்கம் கூறிவருகிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, குறைந்த பள்ளிக் கல்வி, தாமதமாகக் கிடைக்கும் மருத்துவம் எனக் காரணங்கள் பல பின்னிக் கிடக்கின்றன.

நோய் அதிகம் தாக்கும் இடத்தில்தான் ஆய்வும் அதிகம் நடக்க வேண்டும் அன்றோ? நடந்தது வேறு. அரசு நிதியில் நடைபெறும் ஆய்வுகளில் சிறுபான்மை மக்களும் பெண்களும் இடம்பெற வேண்டும் என்று 1993ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2021இல் பெரும் சர்ச்சைக்கிடையே அனுமதி பெற்ற அடுகானுமாப் என்னும் மறதி நோய் மருந்தின் ஆய்வில் பங்குபெற்றோருள் ஹிஸ்பானியர் நூற்றுக்குச் சுமார் 3 பேரே. அம்மருந்தை அதன் நிறுவனமே 2024இல் கைவிட்டுவிட்டது என்பது தனிக் கதை. கேள்வி அம்மருந்தைப் பற்றியதன்று. எவருடைய உடலில் ஒரு மருந்து சோதிக்கப்படவில்லையோ, அவருக்கு அது நலம் தருமா, தீங்கு செய்யுமா என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே, விலக்கி வைக்கப்படுவதும் ஓர் அநீதியே.

ஆனால் அழைக்கப்படுவது எப்போதும் நீதியாக இருந்ததா? இதற்கு விடை காண வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

1946 முதல் 1948 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையைச் சேர்ந்த மருத்துவர்கள் குவாத்தமாலாவில் சிறைக் கைதிகளையும், படைவீரரையும், மனநல மருத்துவமனையில் இருந்தோரையும், விலைமகளிரையும் கிரந்தி முதலிய பால்வினை நோய்களுக்கு வேண்டுமென்றே ஆளாக்கினார்கள். அவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. ஏறத்தாழ 1,300 பேர் இவ்வாறு நோய்க் கிருமிக்கு உட்படுத்தப்பட்டனர். சூசன் ரெவர்பி என்னும் வரலாற்றாசிரியர் பழைய தாள்களுக்கிடையே இதைக் கண்டெடுத்ததால் 2010இல் செய்தி வெளிவந்தது. அதிபர் ஒபாமா குவாத்தமாலா அதிபரிடம் மன்னிப்புக் கேட்டார். 1956இல் பியூர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியேட்ராஸ் குடியிருப்பில் ஏழைப் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை கொடுத்துச் சோதித்தபோது, அது சோதனை நிலையில் உள்ள மருந்து என்பது அவர்களுக்கு உணர்த்தப்படவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்த மெக்சிக்க வழிப் பெண்களிடம், அவர்களால் வாசிக்க இயலாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை அறுவை செய்தார்கள். 10 பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1978இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அன்று இளம் தாய்மாராக இருந்த அத்தலைமுறைதான் இன்றைய மூதாட்டிகள் என்பதை நாம் மறக்கலாகாது.

"ஹிஸ்பானிய முதியோர் ஆய்வாளர்களை நம்புவதில்லை" என்று அறிஞர்கள் கூறும்போது எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு. நம்பாமையை அம்மக்களின் குறைபோல, ஏதோ கல்வியின்மையால் விளைந்த அச்சம்போலப் பேசுகிறார்கள். நம்பாமை சில வேளைகளில் நினைவின் மற்றொரு பெயராக இருக்கிறது. மறதியைப் பற்றி ஆய்வு செய்ய வருகிறவர்கள், தம்மை வரவேற்காதவர்களின் நினைவாற்றலை மதிக்கக் கற்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியை நம் வாசகர் பலர் அறிந்திருக்கக்கூடும். டேவிட் ஸ்னோடன் என்னும் ஆய்வாளர் 1986இல் மினசோட்டாவில் நோத்ர தாம் பள்ளி அருள்சகோதரிகளிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் ஆண்டுதோறும் தேர்வுக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்கள் கன்னிமடத்தில் சேர்ந்த இளமையில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள்கூட ஆய்வுக்குப் பயன்பட்டன. இளமையில் செறிவாக எழுதியவரிடையே முதுமையில் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது என்னும் வியப்பான செய்தி அங்கிருந்துதான் கிடைத்தது. வாழ்நாளெல்லாம் ஆசிரியைகளாகப் பணியாற்றிய அச்சகோதரிகளுக்கு இது இறந்தபின்னும் தொடரும் கற்பித்தலாகத் தோன்றியிருக்க வேண்டும். அவர்களின் கொடையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிவத்தை அவர்கள் வாசித்தார்கள். ஐயம் வந்தால் கேட்டார்கள். மறுக்க விரும்பியவர் மறுத்தும் தம் அறையிலேயே உண்டு உறங்கிக் கவனிப்புப் பெற முடிந்தது. மறுப்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவரின் சம்மதமே முழுச் சம்மதம். ஏழை முதியவருக்கு அந்த நிலை வாய்ப்பதில்லை. மறுத்தால் மருத்துவரின் முகம் மாறுமோ, மகனின் குடியுரிமைத் தாளுக்கு இடர் வருமோ, தமக்குக் கிடைக்கும் சிறு உதவி நின்றுபோகுமோ என்றெல்லாம் அவர் எண்ணிப் பார்க்கிறார்.

இனித் தெற்கே செல்வோம். கொலம்பியா நாட்டின் ஆன்தியோக்கியா மாநிலம் மலைகளால் ஆனது. அங்குள்ள யாருமால் முதலிய ஊர்களில், சில குடும்பங்களில், நாற்பது வயதைக் கடந்ததுமே மறதி வந்துவிடும். நாற்பத்து நான்கு வயதளவில் தடுமாற்றம் தொடங்கி, நாற்பத்தொன்பது வயதளவில் முழு நோயாகிவிடும். ஊரார் அதை 'லா பொபேரா', அதாவது பேதைமை, என்றழைத்தனர். ஏதோ சாபம் என்றார்கள் சிலர். காட்டில் ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது என்றார்கள் வேறு சிலர். அப்பகுதியில் வளர்ந்தவரான பிரான்சிஸ்கோ லொப்பேரா என்னும் நரம்பியல் மருத்துவர், 1980களின் தொடக்கத்தில் இத்தகைய நோயாளி ஒருவரைக் கண்டதிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இக்குடும்பங்களோடு வாழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். கோவேறு கழுதை போகும் வழிகளில் நடந்து வீடு வீடாகச் சென்றனர் அவரும் அவருடன் பணியாற்றிய செவிலியரும். பங்குக் கோவில்களின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் புரட்டி, குடும்பக் கிளைகளை ஒன்றோடொன்று இணைத்து, 18ஆம் நூற்றாண்டு வரை பின்சென்றனர். நம் பங்குகளிலும் பூச்சி அரிக்கும் அப்பழைய ஏடுகள் இத்தகைய பணிக்கும் உதவும் என்பதைப் பங்குத்தந்தையர் கவனிப்பார்களாக.

1995இல் அந்நோய்க்குக் காரணமான மரபணுத் திரிபு கண்டறியப்பட்டது. சுமார் 6,000 பேர் கொண்ட அப்பெரும் உறவினர் கூட்டத்தில் ஏறத்தாழ 1,200 பேர் அத்திரிபைத் தாங்கியவர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. போதைப்பொருள் கும்பல்களும் கொரில்லாப் படைகளும் அம்மலைகளில் ஆட்சி செய்த ஆண்டுகளில் இப்பணி நடந்தது. குழுவின் செவிலியர் ஒருவரைக் கொரில்லாக்கள் கடத்திச் சென்றதும் உண்டு. இறப்பு நேர்ந்ததும் குடும்பத்தார் தொலைபேசியில் அழைப்பார்கள், குழு விரையும், சில மணி நேரத்துக்குள் மூளை எடுக்கப்பட்டு மெதெயின் நகரிலுள்ள ஆன்தியோக்கியா பல்கலைக்கழகத்தின் மூளை வங்கியைச் சென்றடையும். அழுதுகொண்டிருக்கும் வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது என்றால், அழைக்கப்படுகிறவர் அந்நியராக இருக்க முடியாது. லொப்பேரா 2024 செப்டம்பரில் இறந்தார்.

அக்குடும்பங்களுள் ஒரு பெண்மணி இருந்தார். அத்திரிபைத் தாங்கியவர், நாற்பதுகளிலேயே நோயுற வேண்டியவர். எழுபதுகள் வரை அவர் நினைவு கலங்கவில்லை. அவர் பாஸ்டன் நகருக்குச் சென்று சோதனைகளுக்கு உட்பட்டார். காக்கும் தன்மையுடைய வேறோர் அரிய மரபணு மாற்றம் அவரிடம் இரட்டையாக இருந்தது என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. அவர் 2020இல் இறந்தார். அவருடைய மூளையும் கொடையாயிற்று. அம்மாற்றம் ஒற்றையாக இருந்த 27 உறவினரிடமும் நோய் சில ஆண்டுகள் பிந்தி வந்தது என்று 2024இல் ஓர் ஆய்வு கூறியது. உலகெங்கும் மருந்து தேடுவோர் இன்று அப்பெண்மணி காட்டிய வழியைத் தொடர்கிறார்கள். அதிகப் பள்ளிப் படிப்பில்லாத ஒரு மலைநாட்டுத் தாய் பேரறிஞருக்கு ஆசானானார்.

இங்கே நம் முதன்மைக் கேள்விக்கு வருகிறோம். மறதி நோய் ஆய்வில் யாரை ஆய வேண்டுமோ அவரே சம்மதம் தரும் ஆற்றலை இழந்துகொண்டிருக்கிறார். இன்று காலை 'ஆம்' என்றவர் மாலையில் அதை மறந்துவிடுகிறார். மறந்த சம்மதம் சம்மதம்தானா? புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் நினைவாற்றலின் பரப்பைக் கண்டு மலைத்துப்போகிறார். தம்மையும் இறைவனையும் அங்கேதான் தேடுகிறார். அந்த மாளிகையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது, உள்ளே இருப்பவர் போய்விட்டாரா, இருட்டில் அமர்ந்திருக்கிறாரா? மகளின் பெயரை மறந்த பின்னும் செபமாலையின் மங்கள வார்த்தை செபத்தைப் பிசகாமல் சொல்லும் முதியோரைக் கண்டவர்கள், உள்ளே யாருமில்லை என்று அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன். என் தாயார் இறுதி ஆண்டுகளில் என்னைத் தம் உடன்பிறந்தான் என்று எண்ணிக்கொண்டார். ஒரு மருத்துவமனையில் அவருக்குச் செய்யவிருந்த சிகிச்சைக்காக நான் படிவத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி, எதுக்குக் கையெழுத்துப் போடுறே?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்றேன். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது; அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவருக்குப் புரியாது என்று நான் முடிவு செய்துகொண்டு சொன்ன அந்த 'ஒன்றுமில்லை' இன்றும் என்னை உறுத்துகிறது. புரியுமோ புரியாதோ, சொல்லியிருக்கலாம். அது அவர் உடல்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 செப்டம்பரில் ஒரு மருத்துவ மாநாட்டினரிடம் உரையாற்றினார். தற்செயலோ என்னவோ, அது நரம்பு மண்டலத்தின் திசு நோய்களைப் பற்றிய முதல் அனைத்துலக மாநாடு. நூரம்பர்க் தீர்ப்புகளின் நினைவு இன்னும் ஆறாத காலம். அறிவியலின் வளர்ச்சி, நோயாளியின் நலன், சமுதாயத்தின் நலன் என்னும் மூன்று நோக்கங்களையும் அவர் ஏற்றார். மூன்றுக்கும் எல்லை வகுத்தார். கை கால்கள் உடலுக்காக இருப்பதுபோல மனிதர் சமுதாயத்துக்காக மட்டும் இருப்பவர் அல்லர், ஆகவே பொதுநலத்தின் பெயரால் ஒருவரைப் பலியிட எந்த அதிகாரத்துக்கும் உரிமையில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: நோயாளிக்கே தம் உடல்மீது எல்லையற்ற உரிமையில்லை என்றும் அவர் கூறினார். அதாவது, கையெழுத்து இருந்துவிட்டால் எதையும் செய்யலாம் என்பதில்லை. உலக மருத்துவச் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஹெல்சிங்கி அறிக்கை பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. சம்மதம் தர இயலாதவருக்காக உரியவர் சம்மதிக்க வேண்டும். ஆயினும் அந்நோயாளி தாமே தலையசைக்கும் அளவுக்கேனும் இசைய வேண்டும். அவர் மறுத்தால் அம்மறுப்பை மதிக்க வேண்டும் என்னும் நெறி அதில் இன்று இருக்கிறது. இரத்தம் எடுக்க நீட்டிய கையை ஒரு முதியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், அதுவும் ஒரு சொல்லே.

ஹிஸ்பானியக் குடும்பங்களில் இந்நெறி வேறொரு சிக்கலைச் சந்திக்கிறது. அங்கே முடிவுகள் தனி ஒருவருடையவை அல்ல. தாயை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது மானக்கேடாகக் கருதப்படும் வீடுகளில், மூத்த மகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறாள். ஆய்வுக்கு அழைத்துச் செல்ல வேண்டியவளும், பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியவளும், கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவளும் அவளே. 'ரெஸ்பெத்தோ' என்பது அவர்கள் போற்றும் பண்பு. மூத்தோருக்கும் கற்றோருக்கும் காட்டும் மரியாதை. மருத்துவர் கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதையன்று. எனவே முதியவர் 'சரி' என்கிறார், மறுநாள் வருவதில்லை. ஆய்வாளர் அவரைப் 'பாதியில் நின்றவர்' என்று பதிவு செய்கிறார். உண்மையில் அவர் தொடங்கவே இல்லை, பண்பாக மறுத்துவிட்டார். நம்மவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் சிலவற்றைக் கற்றிருக்கிறார்கள். 'ப்ரோமோத்தோரா' எனப்படும் அவ்வூர்ப் பெண்களையே சுகாதாரத் தூதராக்கி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஸ்பானிய மொழியில் படக்கதைகளாக நோயை விளக்குகிறார்கள். பங்குக் கோவில் மண்டபங்களில் கூட்டம் நடத்துகிறார்கள். இதில் கடைசியானதைப் பற்றி எனக்குத் தயக்கமும் உண்டு. பீடத்திலிருந்து அறிவிக்கப்படும் எதுவும் இறைவனின் விருப்பமாகக் காதில் விழும் முதியோர் அநேகர். பங்குத்தந்தை ஆய்வாளருக்கு மண்டபத்தைத் திறந்துவிடலாம்; நோயைப் பற்றிப் பேச இடம் தரலாம். பெயர் கொடுக்கும் வேளையில் அவர் அவ்விடத்தில் நிற்காதிருப்பதே நன்று. யார் கொடுத்தார், யார் மறுத்தார் என்பது அவர் கண்ணில் படவே கூடாது.

மூளைக் கொடை என்ற சொல்லைக் கேட்டதும் பலர் பின்வாங்குகிறார்கள். உடல் முழுமையாக அடக்கம் செய்யப்பட வேண்டும், உயிர்ப்பின் நாளில் குறையுடல் எழலாகாது என்னும் எண்ணம் அவர்களிடம் ஆழமாக உண்டு. திருச்சபையின் மறைக்கல்வி நூல், அறிவியல் ஆய்வுக்காக இறந்தவர் உடலைச் சோதிப்பது ஒழுக்கநெறிக்கு உட்பட்டதாக இருக்கலாம் என்றும், இறந்தபின் உறுப்புகளை விருப்பத்தோடு கொடையாக அளிப்பது முறையானது, பேறுக்குரியதாகலாம் என்றும் தெளிவாகவே கூறுகிறது. இதை மக்களுக்கு எடுத்துரைப்பது ஆயர்கள், குருக்களின் கடமை. ஆயின் அறிவித்தல் ஒன்று, வற்புறுத்தல் வேறொன்று. விருப்பத்தோடு அளிக்கப்படாதது கொடையாகாது. தாயின் தலையைத் தொடவிடமாட்டேன் என்று அழும் மகளிடம் மறைக்கல்வி எண்களை நீட்டுவது கொடுமை.

தேர்வுத் தாளின் குறை தீர்க்கப்பட்டதா என்று வாசகர் கேட்கலாம். அக்கதை நமக்கு அருகிலேயே தொடங்குகிறது. உலகின் மறதி நோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தபோதும், ஆய்வில் 10 விழுக்காட்டுக்கும் குறைவே அவர்களைப் பற்றியது என்பதைச் சுட்டி, 'பத்து அறுபத்தாறு' என்ற பெயரோடு 1998இல் நம் கொச்சி நகரில் ஓர் ஆய்வுக் குழு உருவாயிற்று. கியூபா, டொமினிக்கன் குடியரசு, பெரு, வெனிசுவேலா, மெக்சிக்கோ, பியூர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றோடு சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாயின. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் பயன்படுத்தத் தக்க முறையை அவர்கள் வகுத்தார்கள். முதியவரைத் தேர்வு செய்வதோடு நிறுத்தாமல், அவரை நன்கறிந்த ஒருவரிடம், "முன்போல் இருக்கிறாரா? என்ன மாறியிருக்கிறது?" என்றும் விசாரித்தார்கள். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டியும் சாந்தோ தொமிங்கோ நகரத்துப் பாட்டியும் ஒரே கேள்வித்தாளால் தம் தகுதி திரும்பப் பெற்றார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

கொடுத்தவருக்கு என்ன திரும்ப வந்தது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. 2023இல் முழு அனுமதி பெற்ற லெக்கானெமாப் என்னும் மருந்தின் பெரும் ஆய்வில், அமெரிக்காவிலிருந்து சேர்ந்தோருள் ஹிஸ்பானியர் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் இருந்தனர். முயன்றால் முடியும் என்பதற்கு இது சான்று. ஆயின் அனுமதியின்போது அம்மருந்துக்கு அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 26,500 டாலர். அன்றியும், அம்மருந்து மூளையில் படியும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அகற்றுவது. நினைவு தடுமாறும் ஹிஸ்பானிய முதியோருள் பலருக்கு அப்படிவு வெள்ளையரிடம் இருப்பதைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. நீரிழிவும் இரத்தக் குழாய்களின் சிதைவும் அவர்கள் நோயில் பங்கு வகிக்கலாம். அவர்களுடைய நோய்க்கு அவர்களிடமிருந்தே மருந்து தேட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. ஆனால், "வாருங்கள், உங்களுக்கு நலம் கிடைக்கும்" என்று சொல்லி அழைப்பது பொய். "உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கலாம், அதற்கும் உறுதி கூற இயலாது" என்று சொல்லி அழைப்பதே நேர்மை. இத்தகைய அழைப்பை முதியோர் ஏற்கமாட்டார்கள் என்று எண்ணுவது அவர்களை அறியாமை.

ஆன்தியோக்கியாவில் 2013ஆம் ஆண்டு ஒரு மருந்துச் சோதனை தொடங்கியது. கிரெனெசுமாப் என்னும் அம்மருந்து, நோய்க்குறி தோன்றுமுன்பே கொடுத்தால் நோயைத் தடுக்குமா என்பதே கேள்வி. 252 பேர் சேர்ந்தார்கள். இரு வாரங்களுக்கு ஒரு முறை ஊசி, குறைந்தது ஐந்தாண்டுகள். மலைகளிலிருந்து பேருந்தேறி வந்தார்கள். 2022 ஜூனில் முடிவு அறிவிக்கப்பட்டது. மருந்து குறிப்பிடத்தக்க பயன் எதையும் தரவில்லை.

அவர்களுள் 169 பேர் அத்திரிபைத் தாங்கியவர்கள். மற்ற 83 பேரிடம் அது இல்லை. அவர்களுக்கு அந்நோய் வரப்போவதில்லை. திரிபு உள்ளவரை மட்டும் சேர்த்திருந்தால், சேர்க்கப்படுவதே ஒருவருக்கு அவர் தலைவிதியை அறிவித்துவிடும். அதை அறிய விரும்பாதவரின் உரிமையைக் காக்கவே திரிபில்லாதவரும் சேர்க்கப்பட்டு, மருந்தில்லாத ஊசி அவர்களுக்குப் போடப்பட்டது. யாரிடம் திரிபு உண்டு, யாரிடம் இல்லை என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே அந்த 83 பேரும், தம் உடலில் இல்லாத ஒரு நோய்க்காக, தம் உடன்பிறந்தாரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.